முப்பிடாதியைப் பார்த்த வாத்துகள்

முப்பிடாதி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து வந்த கவுனை மடியில் போட்டு, உள்பக்கத்தை வெளியே புரட்டி, தையல் முடிகிற இடத்தில் எலிவால் மாதிரித் தொங்குகிற நூலைக் கட்டரால் நறுக்கி, ஒரு உதறு உதறி, மடித்து இடதுபக்கம் வைக்க வேண்டும். வலதுபக்கம் வெட்டாத குவியல் அவள் காது உயரத்துக்குக் கிடந்தது. நடுவில் சேலைத்தொட்டிலில் அவள் மகள் தர்ஷனா ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினாள். ஆடி மாதம், புதன்கிழமை, மத்தியானக் குழம்பு இன்னும் அடுப்பில் இருந்த நேரம். அப்போது குவியலில் இருந்த வாத்துகள் எல்லாம், மஞ்சள் நூலில் எம்பிராய்டரி போட்டு, ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு, கவுனுக்கு ஒன்றாக நெஞ்சில் நின்ற வாத்துகள் எல்லாம், தலையைத் திருப்பி அவளைப் பார்த்தன.

ஒரு நூல் அறுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. முப்பிடாதி கட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போனாள். வாத்துகள் சுவரோரம் பார்த்தன. அடுப்புப் பக்கம் போனாள். அடுப்புப் பக்கம் பார்த்தன. போனதுதான் போனோம் என்று குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். மகள் போட்டிருந்த கவுனிலும் அதே வாத்துதான், அதே மஞ்சள்தான். ஆனால் அந்த ஒரு வாத்து மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அது ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று முப்பிடாதிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அந்தக் கவுனைத் தூங்குகிற பிள்ளையின் உடம்பிலிருந்து மெல்லக் கழற்றி, நாலாக மடித்து, தகரப்பெட்டியில் தன் கல்யாணச் சேலைக்கு அடியில், வாத்து கவிழ்ந்து கிடக்கிற மாதிரி வைத்துப் பூட்டினாள்.

செம்மண்புதூர் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிற ஊர். நாற்பது ஷெட்டு இருந்தது, நாற்பதிலும் ஒரே மாதிரிதான் வேலை. தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது முதலாளி மதுரைக்குப் போவார். பெரிய கடையில் நன்றாக ஓடுகிற கவுனில் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார். அதை எந்தப் பிள்ளைக்கும் உடுத்தாமல், பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, கை தனி, கழுத்து தனி, பாவாடை தனி என்று மேஜையில் பரப்பி, அட்டையில் வைத்து வரைந்து வெட்டி, அந்த அட்டைகளை ஆணியில் மாட்டுவார். மறுவாரம் அடுத்த ஷெட்டுக்காரர் இவருடைய கவுனை வாங்கிப் பிரிப்பார். அதற்கடுத்தவர் அவருடையதை. இதற்கு ஊரில் 'பார்த்துப் போடுவது' என்று பேர். "எலே, அந்த யானை நல்லாருக்கே, பாத்துப் போட்டியா?" என்று கேட்டால், "ஆமா, பாத்துத்தான் போட்டேன்" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

'காப்பியடிப்பது' என்ற சொல்லும் ஊரில் இருந்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கு உரியது. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதிப் பிடிபட்டு, வெயிலில் முட்டி போடுகிற பிள்ளையைச் சொல்வது. பெரிய ஆட்கள் அந்தச் சொல்லை ஒருவர்மேல் ஒருவர் போட்டது கிடையாது. ஒரே ஒரு தடவை தவிர.

அது போன வருஷம். முப்பிடாதி அப்போது சாமிதுரை அண்ணாச்சியின் ஷெட்டில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மிஷின் அன்னபாக்கியத்துடையது. பாக்கியம் வாயாடி, நூல் அறுந்தால் நூலைத் திட்டுவாள், கரண்டு போனால் கரண்டு ஆபீசைத் திட்டுவாள், அண்ணாச்சி முகத்துக்கு நேரே, "அண்ணாச்சி, ஒங்க டீயில கழனித் தண்ணி எவ்வளவு, டீ எவ்வளவு?" என்று கேட்பாள். முப்பிடாதிக்கு அப்படி வாய் வராது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட, யாராவது எழுந்து பானைப் பக்கம் போகிறார்களா என்று பார்த்து, அவர்கள் பின்னாலேயே போய்க் குடித்துவிட்டு வருகிறவள். நான்காம் வகுப்போடு நின்றவள். நின்றதற்கே காரணம், டீச்சரிடம் ஒரு சந்தேகம் கேட்க முடியாமல் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்ததுதான்.

ஒருநாள் மிஷினுக்குப் பக்கத்தில் கட்டிய தொட்டிலில் தர்ஷனா வீறிட்டு அழுதாள். ஆராட்டியும் நிற்கவில்லை, பால் கொடுத்தும் நிற்கவில்லை. பாக்கியம் சாக்குக்கட்டியை எடுத்து, மிஷின் மேஜையில் ஒரே இழுப்பில் ஒரு வாத்து வரைந்தாள். ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நிற்கிற வாத்து. "பாருட்டி, ஒன்னத்தான் பாக்குது" என்றாள். பிள்ளை பார்த்தது, மூக்கை உறிஞ்சியது, சிரித்தது.

பாக்கியம் சாப்பிடப் போன நேரத்தில் முப்பிடாதி பில்புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, அந்த வாத்தைப் பார்த்து வரைந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டிருந்தால் பாக்கியம் பத்து வாத்து வரைந்து கொடுத்திருப்பாள். ஆனால் கேட்பது முப்பிடாதிக்கு எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மகளுக்குக் காதுகுத்து வந்தது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக ஒரு கவுன் தைத்து, நெஞ்சில் அந்த வாத்தைக் கையாலேயே நூல் போட்டு உடுத்திவிட்டாள். காதுகுத்துக்கு மொய் எழுத வந்த சாமிதுரை அண்ணாச்சி, பந்தியில் உட்காராமல் பிள்ளையையே சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் அந்தத் தாளைக் கேட்காமலே அவள் மிஷினிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அட்டை வெட்டினார். முப்பிடாதி மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம், காதுகுத்துக்கு வராததால் ஒன்றும் தெரியாத பாக்கியம், தான் வீட்டில் வைத்து அழகாகத் தைத்த ஒரு வாத்துக் கவுனைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இத நம்ம ஷெட்டுல போடலாமா?" என்று விரித்துக் காட்டினாள்.

"நல்லாருக்கே," என்றார் சாமிதுரை. "முப்பிடாதி வாத்தக் காப்பியடிச்சி எங்கிட்டயே கொண்டாந்து காட்டுதியாக்கும்?"

முப்பது மிஷினும் நின்றுபோய், முப்பது பேரும் சிரித்தார்கள். பாக்கியம் திரும்பி முப்பிடாதியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பிடாதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினாள். ஊசித் துளைக்குள் விட்டாள். நூல் உள்ளே போய் மறுபக்கம் வந்தபோது பாக்கியம் அங்கே இல்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். போனபிறகும் அந்தச் சொல் ஊரிலேயே நின்றது. "யாரு, காப்பி பாக்கியமா? அவ மேக்க எங்கயோ போயிட்டா" என்பார்கள். முப்பிடாதி மிஷின் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து பிசிறு வெட்டத் தொடங்கினாள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று காரணம் சொன்னாள். வாத்து மட்டும் ஓடியது. ஒற்றைக்காலைத் தூக்கி ஆடுவதுபோல இருந்ததால் 'டான்ஸ் வாத்து' என்று பேராகி, நாற்பது ஷெட்டும் தர்ஷனா போட்டிருந்த அந்தக் கவுனையே பார்த்துப் போட்டன.

அந்த வாத்துகள்தான் இப்போது திரும்பின. வாத்து மட்டுமில்லை. ஊரில் கேட்காமல் எடுத்ததெல்லாம் எடுத்த இடத்தைப் பார்த்துத் திரும்பியது. யானைக் கவுன் யானைகள் வடக்குத்தெருவைப் பார்த்தன, வடக்குத்தெரு யானைகள் மதுரையைப் பார்த்தன. சட்டைப் பையில் வெளிநாட்டுக் கம்பெனி முதலையை வைத்துத் தைத்தவர்கள் வீட்டில் முதலைகள் எல்லாம் கடல் பக்கம் வாலை விறைத்துக்கொண்டு நின்றன. மளிகைக்கடை மசாலாப் பொட்டலத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டையைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாட நோட்டைத் திறந்தால், பார்த்து எழுதிய எழுத்துகள் எல்லாம் யாரைப் பார்த்து எழுதியதோ அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற பக்கம் வயல் நெல் மாதிரிச் சாய்ந்து கிடந்தன. கணக்கு டீச்சர் அரைமணி நேரத்தில் நாற்பது நோட்டையும் திருத்தி முடித்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக மணி அடிப்பதற்கு முன்னால் டீ குடித்தார்.

ஊர் இரண்டு நாள் இதைப் பற்றிப் பேசியது; மூன்றாம் நாள் இதற்கு ஏற்ற மாதிரி நடக்கத் தொடங்கியது. தெருவில் முப்பிடாதி வந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறவர்களுக்குக்கூட, கொடியில் காய்கிற கவுனைப் பார்த்தே அவள் எந்தப் பக்கம் வருகிறாள் என்று தெரிந்தது. அவள் கணவன் சுயம்பு லோடு ஆட்டோவை விட்டு இறங்கி வந்து, "ஏட்டி, வீட்டுல இருக்கியா, கடைக்குப் போயிட்டியான்னு போனு போட்டுக் கேக்கவே வேண்டாம்போல. வண்டியில ஒரு கவுனத் தொங்கவிட்டாப் போதும்" என்று சிரித்தான். முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே சேலை முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்துகிறவளை, வாரச்சந்தையில் ஆறாயிரம் வாத்து ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது. அவள் தக்காளி வாங்காமலே வந்துவிட்டாள்.

கஷ்டம் சரக்கு அனுப்பும்போதுதான் வந்தது. மதுரைக் கடைக்காரர்கள் கவுனைத் திருப்பி அனுப்பினார்கள். "பிள்ளை கண்ணாடி முன்னால நிக்குது, வாத்து முதுகுப் பக்கம் பாக்குது. தாய்மாருங்க வாங்க மாட்டேங்காங்க" என்று சீட்டு வைத்திருந்தார்கள். ஷெட்டு ஷெட்டாகக் கவுன் மூட்டைகள் கூரை வரைக்கும் ஏறின. தீபாவளிக்கு அறுபது நாள் இருந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் கட்டிங் மாஸ்டர் அல்போன்ஸ். அவர் ஷெட்டில் புலி போட்டிருந்தார்கள். புலிகள் எல்லாம் மேட்டுத்தெரு வியாகப்பனைப் பார்த்தன. அல்போன்ஸ் ஒரு புலியைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போய், பல் விளக்கிக்கொண்டிருந்த வியாகப்பனிடம், "மாப்ள, ஒன் புலியக் கேக்காமப் போட்டுட்டேன். இப்பக் கேக்கேன். போட்டுக்கிடட்டா?" என்று கேட்டார். வியாகப்பன் வாயில் நுரையோடு, "போடுமேன் மாமா, புலிக்கா பஞ்சம்?" என்றான். புலி, கழுத்துச் சுளுக்கு விட்டுப்போன ஆள் மாதிரி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையை அசைத்துப் பார்த்துவிட்டு நேராகத் திரும்பிக்கொண்டது.

அன்றிலிருந்து ஊரில் ஒரே கேட்பதும் கொடுப்பதுமாக இருந்தது. பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகள் ஒரு முயலுக்காகப் பேசினார்கள். சிலபேர் மதுரைக்கு வேன் பிடித்துப் போய்ப் பெரிய கடையிலேயே கேட்டார்கள். கடைக்காரர், "நானே பம்பாயில பாத்துப் போட்டதுய்யா" என்று கையைப் பிசைந்து, அவரும் பம்பாய்க்கு டிக்கெட் போட்டார். செம்மண்புதூரில் மூட்டைகள் இறங்கத் தொடங்கின. வாத்து மூட்டை மட்டும் இறங்கவில்லை.

கேட்காமல் இல்லை. காலையில் வாசல் தெளிக்கும் முன்னால் முப்பிடாதி வீட்டு முன்னால் ஆள் நின்றது. நாற்பது முதலாளியும் வந்தார்கள். "தாயி, ஒன் வாத்தப் போட்டுக்கிடட்டா?" என்று கேட்டார்கள். முப்பிடாதி தலையை ஆட்டினாள். அவர்கள் கவுனை விரித்துப் பார்த்தார்கள். வாத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் ஆட்டினாள். "வாயத் தொறந்து சொல்லு தாயி" என்றார்கள். "போட்டுக்கிடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். வாத்து அசையவில்லை.

"மனசோட சொல்லமாட்டேங்கா" என்று ஊர் முடிவுசெய்தது. மனசு வருவதற்காக ஆளாளுக்கு வாழைத்தார் கொண்டுவந்தார்கள், அல்வா கொண்டுவந்தார்கள், பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார்கள். சாமிதுரை அண்ணாச்சி ஒரு மிக்சி கொண்டுவந்து, "ஒங்கிட்ட நான் கேக்காம எடுத்தது தப்புத்தான். அதுக்காக ஊரையே காயப்போடாத" என்று கண் கலங்கினார். பக்கத்து வீட்டுச் செல்வமதினி ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்: "ஏட்டி, பெரிய மிக்சிக்குக் காத்திருக்கியா?"

"இல்ல மதினி."

"பின்ன என்னட்டி? எங்க ஷெட்டுல எம்பது பேருக்கு வேல நிறுத்திட்டாவ. எனக்குந்தான். நீ வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு இருந்தா நாங்க என்னத்தத் திங்க?"

மதினி போனபிறகு முப்பிடாதி தகரப்பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலைக்கு அடியில் கையை விட்டு, கவுனை எடுக்காமல் தொட்டுமட்டும் பார்த்தாள். கவிழ்த்து வைத்த வாத்து புரண்டு, மடிப்புக்குள்ளிருந்தே மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்தால் எப்படித் திரும்பும் என்று நினைத்தாள். என் வீட்டு ஆடா, நான் பிடித்துக் கொடுக்க.

ஷெட்டுக்காரர்கள் சங்கத் தலைவர் பொன்ராஜ் ஒரு வழி சொன்னார். ஊரில் பேச்சியம்மன் கோயில் இருக்கிறது; அம்மன் மடியில் ஒரு கல்குழந்தை இருக்கிறது; புதுமாடல் எது வந்தாலும் முதல் கவுனை அந்தக் கல்குழந்தைக்கு உடுத்திவிட்டுத்தான் வியாபாரத்துக்கு அனுப்புவார்கள். உடுத்தும்போது பூசாரி, "யாரு போட்டது?" என்று கேட்பார், முதலாளி தன் பேரைச் சொல்வார். வாத்துக் கவுனை முறைப்படி அப்படிச் செய்யவில்லை, அதுதான் அம்மனுக்கு வருத்தம் என்றார் பொன்ராஜ். "முப்பிடாதி தன் கையால ஒண்ணு தைக்கட்டும். செவ்வாக்கிழமை அவளே உடுத்திவிடட்டும். அம்மனுக்கு முன்னால சொன்னா மனசும் வரும், வாத்தும் திரும்பும்."

திங்கட்கிழமை முழுக்க முப்பிடாதி அந்தக் கவுனைத் தைத்தாள். அவள் ஊசியை ஏற்றி இறக்க இறக்க, பாதி முடிந்த வாத்து, கண்கூட இன்னும் போடாத வாத்து, மேற்கே கழுத்தை நீட்டியது. அவள் அதை நேராக்கித் தைத்தாள், அது நீட்டியது. சுயம்பு சாப்பிட்டுக்கொண்டே கவனித்துவிட்டான்.

"இது ஏன் ஒன்னப் பாக்கமாட்டேங்கு?"

முப்பிடாதி நூலைப் பல்லால் கடித்தாள். அவன் கொஞ்சநேரம் வாத்தையும் அவளையும் பார்த்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். கழுவிக்கொண்டே, "நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிருவமா?" என்றான்.

"எத்தன நாளைக்குக் காய்ச்சல்னு சொல்ல?" என்றாள் முப்பிடாதி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு வாத்துக் கவுனைக் கையில் வைத்திருந்தார்கள், திரும்பியதும் உடனே பார்ப்பதற்கு. முப்பிடாதி தர்ஷனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குத் தகரப்பெட்டியில் இருந்த பழைய கவுனையே உடுத்தியிருந்தாள். காலையில் ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை தானாகப் போய் எடுத்தது. இரண்டு அளவு பெரிதாகத் தைத்தது இப்போது சரியாக இருந்தது. கூட்டத்தில் இருந்த வாத்து எல்லாம் அவள் நடக்க நடக்கத் திரும்பி, அவள் சன்னதியில் நின்றதும் நின்றன. அவ்வளவு கண்ணுக்கு முன்னால் அவள் முன்னொருநாளும் நின்றதில்லை. அவள் கல்குழந்தையின் தலை வழியாகக் கவுனை மாட்டி, ஒவ்வொரு கையாக நுழைத்து, முதுகில் பட்டனைப் போட்டாள்.

"யாரு போட்டது?" என்றார் பூசாரி.

"நம்ம முப்பிடாதி" என்றார் சாமிதுரை அண்ணாச்சி, சத்தமாக, எல்லாருக்கும் கேட்க.

கல்குழந்தையின் நெஞ்சில் இருந்த வாத்து கழுத்தை நீட்டி, பூசாரியின் தோளுக்கு மேலே, மணிக்கு அந்தப் பக்கம், மேற்கே பார்த்தது. இடுப்பில் இருந்த தர்ஷனாவின் வாத்தும் மேற்கே பார்த்தது. ஊர் வாத்து அத்தனையும் முப்பிடாதியைப் பார்க்க, முப்பிடாதியின் வாத்து இரண்டும் வேறு எங்கேயோ பார்த்ததை ஊர் பார்த்தது.

அல்போன்ஸ்தான் முதலில் பேசினார், ரொம்ப சாதாரணமாக, அளவு கேட்கிறமாதிரி. "மேக்க யாருட்டி இருக்கா?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். பிள்ளை அவள் கன்னத்தைத் தட்டியது. "பாக்கியம் இருக்கா. அவ வரஞ்ச வாத்து. எம்புள்ள அழுததுக்கு வரஞ்சா. அவ சாப்பிடப் போன நேரத்துல நான் காப்பியடிச்சேன்."

அந்தச் சொல்லை ஊரில் எல்லாரும் அடுத்த ஆளைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். தன் நெஞ்சில் கையை வைத்து ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பொன்ராஜுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாத்துப் போட்டேன்னு சொல்லேன் தாயி. நம்ம எல்லாரும் போடுததுதானே. எதுக்குப் பெரிய வார்த்த?"

"அவளுக்குப் பெரிய வார்த்த, எனக்குச் சின்ன வார்த்தையா அண்ணாச்சி?" என்றாள் முப்பிடாதி.

சாமிதுரை தன் கையில் இருந்த கவுனை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "அந்த வார்த்தையச் சொன்னது நாந்தானே," என்றார். "நானும் வாரேன். கார எடுக்கச் சொல்லுதேன்."

"நீங்க ஒரு நா வாங்க. இன்னைக்கு நான் போயிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி படியிறங்கினாள். கூட்டம் வழி விட்டது. செல்வமதினி மட்டும் பின்னாலேயே ஓடிவந்து, "புள்ளைக்குப் பசிக்கும்" என்று ஒரு பன்னை அவள் பையில் திணித்தாள்.

அவள் தனியாக மினிபஸ் ஏறியது அதுதான் முதல்தடவை. கண்டக்டர் வந்து, "எங்கக்கா எறங்கணும்?" என்றான்.

"தெரியல. இந்த வாத்து பாக்குத பக்கம்."

கண்டக்டர் வாத்தைக் குனிந்து பார்த்தான். "நேராத்தான் பாக்குது. நெடுங்குளம் வரைக்கும் டிக்கெட் எடுங்க. எடம் தாண்டுனா அதுவே பின்னால திரும்பும், விசில் குடுக்கேன்" என்று கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போனான். பனங்காடு போனது, கல்குவாரி போனது, கோழிப்பண்ணை நாற்றத்தோடு போனது. வாத்து இம்மியும் அசையவில்லை. நெடுங்குளத்துக்கு முன்னால் ஒரு வெங்காயக் குடோன் வந்தபோது அது சட்டென்று இடதுபக்கம் திரும்பி, பஸ் கடக்கக் கடக்கப் பின்னால் கழுத்தை நீட்டியது. "எறங்குங்க, எறங்குங்க" என்று விசில் கேட்டது.

குடோன் வாசலில் வெங்காயம் மலைமலையாகக் கிடந்தது. பாக்கியம் ஒரு சாக்கின் முன்னால் குத்தவைத்து, கோணி ஊசியில் சணல் கோத்து, சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டு நூலில் வாத்து போட்ட கை. விரல் எல்லாம் காய்ப்பு ஏறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், முப்பிடாதியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளை நெஞ்சில் இருந்து தன்னையே பார்க்கிற வாத்தைப் பார்த்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

"வாத்து கேட்டு வந்தியாக்கும். பஸ்ஸுல வாரவ போறவ சொன்னா, ஒங்க ஊருக் கூத்த."

"ஆமா."

"என்ன தந்தாவ ஒனக்கு? மிக்சியாமே."

"திருப்பிக் குடுத்துருவேன்."

"ஏன், ஓடலியா?" என்று பாக்கியம் கேட்டாள், கேட்டபிறகு அவளுக்கே உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்து, அடக்கிக்கொண்டாள். ஒரு தையல் போட்டாள். இழுத்து முடிந்தாள். "அன்னைக்கு நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் முப்பிடாதி."

"ஆமா."

"ஊசியக் கோத்துக்கிட்டு இருந்த."

"ஆமா. இன்னைக்குக் கோயில்ல சொல்லிட்டேன். எல்லாரு முன்னாலயும். ஒன் வாத்த நான் காப்பியடிச்சேன்னு."

பாக்கியத்தின் ஊசி நின்றது. "நீயா? எல்லாரு முன்னாலயுமா?"

முப்பிடாதி தலையை ஆட்டினாள். பாக்கியம் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். பிறகு எட்டி, பிள்ளையின் கவுனைப் பிடித்து, வாத்தின் தூக்கிய காலை விரலால் தடவினாள். "டான்ஸ் வாத்துன்னா பேரு வச்சிருக்கிய?"

"ஆமா. ஆடுதுல்லா."

"ஆடல மூதி. அது எங்க வீட்டு வாத்து. பெருச்சாளி கடிச்சி அந்தக் காலு ஊனமாட்டாது. அதான் தூக்கிக்கிட்டு நிக்கும். நாப்பது ஷெட்டு பாத்துப் போட்டியளே, ஒருத்தரும் அது நொண்டின்னு பாக்கலியா?"

முப்பிடாதி அந்தக் காலைப் பார்த்தாள். தன் கையாலேயே எத்தனை தடவை தைத்த கால். நொண்டிதான். பார்த்தவுடனே தெரிகிறது. "இருக்கா அது?" என்று கேட்டாள்.

"இருக்கு. குடோனுக்குப் பின்னால. முட்டை வேற விடுது."

முப்பிடாதி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். இந்தத் தடவை யாராவது எழுந்து பானைப் பக்கம் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. "பாக்கியம், ஒன் நொண்டி வாத்தப் போட்டுக்கிடட்டா? நானும், ஊரும். நீ மாட்டேன்னா மூட்டையப் பூராவும் பிரிச்சிருதோம். நானே பிரிக்கேன்."

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். புதுச் சாக்கு ஒன்றை எடுத்து உதறினாள். அப்போது முப்பிடாதியின் பைக்குள், பன்னுக்கு அடியில், போன் அடித்தது. அடித்து நின்று திரும்பவும் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அல்போன்ஸ் மாஸ்டர் பேர், அதற்கடுத்து சாமிதுரை அண்ணாச்சி பேர், அதற்கடுத்து செல்வமதினி பேர், வாத்தெல்லாம் நேராகிவிட்டதைச் சொல்ல ஊரே ஒரே நேரத்தில் கூப்பிடுகிறமாதிரி. அவள் பச்சைப் பொத்தானை அமுக்கப் போனாள், "ஏட்டி முப்பிடாதி, அத அப்புறம் பேசு, சும்மாதானே நிக்க, வந்து இந்தச் சாக்கு வாயப் புடி" என்று பாக்கியம் கூப்பிட்டாள், அவள் போனைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, பிள்ளையை வெங்காயத்தின்மேல் இறக்கிவிட்டு, வாத்து இப்போது யாரைப் பார்க்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், சேலையை இழுத்துச் செருகி, சாக்கின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தாள்.